இன்டர்வியூ என்றாலே வயிற்றைக் கலக்கும் பிள்ளைகளுக்கு முதல் வேலை: கேள்வி பதில்

இருப்பது பெரம்பூர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் 19 வருடம் குப்பை கொட்டினேன். பிளஸ் டூ முடித்துவிட்டு வெளியே வரப் பயந்து வீட்டிலேயே கிடக்கும் பிள்ளைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டதால் இந்த ஞாயிறை அதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். நான் டாக்டர் இல்லை, வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள். கேட்பதற்கு முன்பே இரண்டு விஷயம்: வேலைக்காக யாருக்கும் பணம் கட்டாதீர்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு 18 வயது. வீட்டுக்கு யாராவது வந்தால் பாத்ரூமுக்குள் போய்விடுகிறான். கேஸ் புக் பண்ணக்கூட போனில் பேச மாட்டான். யாரிடமும் பேசாமல் செய்கிற மாதிரி ஏதாவது வேலை இருக்கிறதா?

பேச்சே இல்லாத வேலை கிடையாது அம்மா. எவ்வளவு பேச வேண்டும் என்று பார்க்காதீர்கள். யாரிடம், என்ன பேச வேண்டும் என்று பாருங்கள். தினமும் அதே நாலு பேரிடம் அதே பத்து வார்த்தையைப் பேசுகிற வேலை ஒரு ரகம். நிமிடத்துக்கு ஒரு புது முகம் வந்து நின்று, என்ன கேட்குமோ தெரியாத வேலை இன்னொரு ரகம். உங்கள் பையனுக்கு இப்போதைக்கு முதல் ரகம்தான்.

மாதவரம், செங்குன்றம் பக்கம் இருக்கும் குடோன்களில் பொருள் எடுக்கிற, பேக் பண்ணுகிற வேலை இருக்கிறது. எந்த ரேக், எத்தனை எண்ணம் என்று கையில் இருக்கும் ஸ்கேனரே சொல்லிவிடும். ஆனால் நாள் முழுக்க நடை, டார்கெட், சில இடங்களில் நைட் ஷிப்ட். கொளத்தூரில் வண்ண மீன் பண்ணை வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தொட்டித் தண்ணீர் மாற்றுவது, தீனி போடுவது, ஆக்சிஜன் அடைத்து மீனைக் கவரில் கட்டுவது, இவ்வளவுதான். பேரம் பேசுவதை முதலாளி பார்த்துக்கொள்வார். சவுகார்பேட்டை மொத்தக் கடைகளின் உள்ளறையில் ஸ்டாக் எண்ணி டேலி என்ற கணக்கு சாப்ட்வேரில் ஏற்றும் வேலையும் அப்படித்தான்.

ஏமாற்றும் வேலைகளும் உண்டு. ஜெராக்ஸ் கடை அமைதியான இடம் மாதிரித் தெரியும். பரீட்சை சமயத்தில் பத்து பேர் ஒரே நேரத்தில் பேப்பரை நீட்டும்போது போய்ப் பாருங்கள். செக்யூரிட்டியும் அதே கதைதான். தனியாக உட்கார்ந்திருப்பது போல இருக்கும், வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டியது அவன்தான்.

இன்டர்வியூவுக்குக் கூடப் போவதானால் கம்பெனி வாசலோடு நின்றுவிடுங்கள். என் மேசைக்கு முன்னால் அம்மா எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல, பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த இன்டர்வியூக்கள் நிறைய. அவன் வாயிலிருந்து "சரி மேடம்" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால்கூட எடுத்திருப்பேன்.

வியாசர்பாடி, 19 வயது: அக்கா, இன்டர்வியூவே இல்லாமல் வேலைக்குப் போக வழி இருக்கிறதா?

இருக்கிறது தம்பி. நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது, நம் பிள்ளைகள்தான் எட்டிப் பார்ப்பதில்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 முதல் ரயில் பெட்டி கட்டுகிறார்கள். அங்கே அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர், எடுப்பது பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்துத்தான். பரீட்சையும் கிடையாது, இன்டர்வியூவும் கிடையாது. குறைந்தது 50 சதவீதம் வேண்டும். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் என்றால் அறிவியலும் கணக்கும் படித்திருக்க வேண்டும். வயது 15 முதல் 24 வரை, சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. ஐ.டி.ஐ. படிக்காதவர்களுக்கும் இடம் உண்டு. 2024 அறிவிப்பில் பத்தாம் வகுப்புக்கு மாதம் 6,000 ரூபாய், பிளஸ் டூவுக்கு 7,000 ரூபாய் உதவித்தொகை. முடித்ததும் வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கையில் வருவது சான்றிதழும் பழக்கமும். பதினெட்டு வயதுக்கு அதுவே பெரிய விஷயம்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 இன்னொரு வழி. ஒரே எழுத்துத் தேர்வு, 200 கேள்வி, அதில் 100 தமிழ். நேர்முகத் தேர்வு இல்லை, சான்றிதழ் சரிபார்ப்பு மட்டும். மத்திய அரசு அலுவலகங்களில் எம்.டி.எஸ். என்கிற பன்னோக்குப் பணியாளர் பணிக்கும் நேர்முகம் கிடையாது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்: குரூப் 4 தேறி, பேச்சுக்குப் பயந்தவன் வி.ஏ.ஓ. பதவியை எடுத்துவிடாதே. காலையிலிருந்து ஊரே வாசலில் நிற்கும்.

தண்டையார்பேட்டை: வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி. பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?

கூடாது. கட்டியதும் வேலை வரும், டைப் அடித்து அனுப்புவீர்கள், பிழை அதிகம் என்பார்கள். அப்புறம் ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பி இன்னும் பணம் கேட்பார்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். அழைக்கவும் கூச்சம் என்றால் வீட்டில் யாரையாவது பேசச் சொல்லுங்கள், ஆனால் இன்றைக்கே.

எண்ணூர், ஒரு அப்பா: பெண் நாலு பேர் இருக்கும் இடத்துக்குப் போனாலே கை நடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது. மாத்திரை கொடுக்கலாமா?

இது என் ஊர் எல்லைக்கு வெளியே. 14416 இலவச மனநல எண், தமிழில் பேசலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையில் போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். வேலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எம்.சி. ரோடு, துணிக்கடை வைத்திருப்பவர்: இதெல்லாம் செல்லம் கொடுத்துக் கெடுப்பதுதான். என் அக்கா பையனைக் கடை வாசலில் நிறுத்தி "வாங்கம்மா வாங்க" என்று கூவ விட்டேன். ஒரே மாதத்தில் வாயாடி ஆகிவிட்டான். தண்ணீரில் தள்ளினால்தான் நீச்சல் வரும்.

உங்கள் அக்கா பையன் மாமா கடையில் நின்றான் சார். தப்பாகக் கூவினால் யாரும் வேலையை விட்டு எடுக்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதைத் தண்ணீரில் தள்ளியது என்று சொல்ல முடியாது, தொட்டியில் இறக்கியது.

ராயபுரம், 26 வயது: அக்கா, நான் தள்ளப்பட்டவன். அதே ரோட்டில், வேறு கடை. தீபாவளி சீசன். மூன்றாவது நாள் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பீச் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் வரை டிரெயின் பார்ப்பேன். வீட்டில் தெரிய இரண்டு மாதம் ஆயிற்று.

துணிக்கடைக்காரர் மறுபடியும்: ஓடுகிறவன் எங்கேயும் ஓடுவான்.

ராயபுரம்: இப்போது அத்திப்பட்டில் ஒரே கம்பெனியில் ஐந்து வருடமாக இருக்கிறேன் அண்ணே. எங்கே ஓடினேன்?

சரி, இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். துணிக்கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். பயப்படுகிற விஷயத்தைத் தவிர்த்துக்கொண்டே போனால் பயம் வளரும். இன்றைக்குப் போன் எடுக்காதவன் நாளைக்குக் கதவைத் திறக்க மாட்டான். அதனால்தான் வீட்டிலேயே செய்கிற வேலையை முதல் வேலையாக நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் தீபாவளிக் கூட்டம் முதல் படி இல்லை, பத்தாவது படி. முதலில் உள்ளே துணி மடிக்கட்டும், பிறகு பில் போடட்டும், பிறகு தெரிந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு எடுத்துக் காட்டட்டும். ஆறு மாதம் கழித்து வாசலுக்கு வந்தால் போதாதா?

அது போகட்டும். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 2021லேயே சட்டத்தைத் திருத்தியாயிற்று. உங்கள் கடையில் நாற்காலி போட்டிருக்கிறீர்களா?

துணிக்கடைக்காரர்: இரண்டு ஸ்டூல் இருக்கிறது.

எத்தனை பேருக்கு என்று நான் கேட்கவில்லை.

திருவொற்றியூர், 17 வயதுப் பெண்: அக்கா, எனக்கும் பேச வராது. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. என்ன படிக்கலாம்?

டைப்ரைட்டிங் போம்மா. சிரிக்காதே. இன்ஸ்டிடியூட்டில் தட்டச்சுச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. ஆனால் தினமும் ஒரு மணி நேரம் வெளியே போய், பத்து பேர் நடுவில் உட்கார்ந்து வருவாய். ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45. தமிழ், ஆங்கிலம் இரண்டும் முடித்துவை, குரூப் 4 டைப்பிஸ்ட் பதவிக்கு அது வேண்டும். இல்லையென்றால் அரசு ஐ.டி.ஐ. அங்கே மாதம் 750 ரூபாய் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. 18 ஆகும் வரை கம்பெனி வேலைக்கு அவசரப்படாதே.

புளியந்தோப்பு: பயோடேட்டாவில் ஏரியா பெயரைப் போட்டால் கூப்பிட மாட்டார்களாமே?

அப்படி ஒதுக்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்திருக்கிறது. ஆனாலும் உண்மையான முகவரியைப் போடு. ஆதாரில் எப்படியும் தெரியப்போகிறது. ஏரியாவைப் பார்த்து ஒதுக்குகிறவனிடம் தினமும் எட்டு மணி நேரம் நிற்க வேண்டாம்.

மூலக்கடை: வீட்டிலிருந்து டேட்டா என்ட்ரி வேலை, டெபாசிட் 1,500 மட்டும்தான்...

தண்டையார்பேட்டைக்குச் சொன்னதைப் படிக்கவும்.

கொடுங்கையூர்: கன்சல்டன்சியில் ஒரிஜினல் மார்க் ஷீட் கேட்கிறார்கள். ஒரு வருடம் கழித்துத் தருவார்களாம்.

முதல் பத்தி. தயவுசெய்து முதல் பத்தி.

பழைய வண்ணாரப்பேட்டை: வீட்டிலேயே பேனாவில் ரீஃபில் போட்டுக் கொடுக்கும் வேலை, மெட்டீரியலுக்குப் பணம்...

கட்டாதே தம்பி. இனிமேல் "பணம்" என்ற சொல் வருகிற கேள்வி எதற்கும் இதுதான் பதில்.

கொருக்குப்பேட்டை அம்மா மறுபடியும்: பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தான். அவனே ஒன்று கேட்கச் சொன்னான். வேலையெல்லாம் செய்துவிடுவானாம். முதல் நாள் மத்தியானம் சாப்பிடும்போது எங்கே உட்காருவது, யாரும் கூப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறான்.

இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். 19 வருடத்தில் வேலை கஷ்டமென்று விட்டவர்களைவிட, இந்த அரை மணி நேரத்துக்குப் பயந்து விட்டவர்களைத்தான் அதிகம் பார்த்தேன்.

தம்பி, முதல் நாள் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதமோ புளி சாதமோ எடுத்துப் போ. குழம்பு, பொரியல் என்று பிரித்து வைத்தால் நேரம் ஆகும், எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். மணி அடித்ததும் ஓடாதே, ஐந்து நிமிடம் கழித்துக் கை கழுவிவிட்டுப் போ. அதற்குள் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், காலி இடம் கண்ணுக்குத் தெரியும். ஓரத்தில் உட்கார். காலையில் வேலை சொல்லிக்கொடுத்தவர் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார். "இங்கே உட்காரலாமா அண்ணே?" என்ற இந்த ஒரு வரி போதும், இன்றைக்கே அம்மாவிடம் நாலு தடவை சொல்லிப் பார். யாரும் கூப்பிடாவிட்டால் தனியாகச் சாப்பிடு, தப்பில்லை. ஊறுகாய் மட்டும் கொஞ்சம் அதிகமாக எடுத்துப் போ. யாராவது கை நீட்டுவார்கள்.