சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவின் மகள் டாக்டராக முடியுமா?

கேள்வி: நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். முதல் முறை நீட் எழுதியதில் மார்க் போதவில்லை. இன்னொரு வருடம் படிக்கட்டுமா, இல்லை வேலைக்குப் போய் அம்மாவுக்கு ஓய்வு கொடுக்கட்டுமா? "டாக்டர் படிப்புக்குக் கட்ட பணம் எங்கே இருக்கு" என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: இன்னொரு வருடம் படிம்மா. பணத்தைப் பற்றி உன் சொந்தக்காரர்கள் சொல்வது பழைய கணக்கு. 2020-ல் வந்த சட்டப்படி, ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு அரசு ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ். இடங்களில் 7.5 சதவீதம் தனியாக இருக்கிறது, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அந்தக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இரண்டாம் முறை எழுதுபவர்களுக்கும் இது உண்டு, அந்தப் பட்டியலின் கட் ஆஃப்பும் பொதுப் பட்டியலைவிடக் குறைவு. பல் மருத்துவம், சித்தா, ஓமியோபதிக்கும் இதே ஒதுக்கீடு இருப்பதால் எம்.பி.பி.எஸ். தள்ளிப்போனாலும் வழி அடைபட்டுவிடாது.

720 மார்க்கில் 360 உயிரியல். தமிழிலேயே எழுதலாம். பாடத்தை வரி விடாமல் படி, இயற்பியலைப் பார்த்துப் பயந்து உயிரியலில் மார்க்கை விட்டுவிடாதே.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துக்கொள். அம்மா தேவதாசிக் குடும்பம் என்பதால் ஊர் பேசியது. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோய், வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதினார். பையன்கள் படிக்கும் கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு வந்தபோதும் மன்னர் அனுமதி கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டரானார். தங்கை புற்றுநோயில் போன துக்கம் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானது அதிலிருந்துதான். அப்பா போன துக்கம் உனக்குள்ளும் இருக்கிறது, கடிதத்தில் தெரிகிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு அனாடமி (உடற்கூறியல்) வகுப்பு முழுக்க ஆங்கிலம், தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் பலர் அங்கேதான் தனியாக அழுகிறார்கள். இப்போதிருந்தே ஒவ்வொரு உறுப்புக்கும் ஆங்கிலப் பெயரைப் பக்கத்திலேயே எழுதிப் பழகு.

அம்மா? சனி, ஞாயிறு டியூஷன் எடு, வீட்டுச் செலவுக்குக் கொஞ்சமாவது உதவும். அப்புறம், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழை ஆறாவது படித்த பள்ளியிலிருந்து தொடங்கி இப்போதே வாங்கி வைத்துவிடு, கலந்தாய்வு நேரத்தில் அதற்கு அலைய முடியாது.