1950களின் பாணியில் ஒரு கவுனை மேடை நடனத்துக்காக வீட்டிலேயே தைக்க முடியுமா?

கல்லூரி ஆண்டு விழாவில் 1950களின் மேற்கத்திய நடனம் ஒன்றை ஆடவிருக்கும் உங்கள் தங்கைக்கு அந்தக் காலத்துக் கவுனை வீட்டிலேயே தைக்க முடியுமா, பாவாடைப் பகுதி குடைபோல் விரிந்து நிற்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ரவிக்கையும் சுடிதாரும் தைத்துப் பழகிய கையென்றால் நிச்சயமாக முடியும். சென்ற ஆண்டு என் அண்ணன் மகளுக்காக இப்படி ஒரு கவுனைத் தைத்தேன். அதில் நான் செய்த ஒரு தவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த உருவம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் துணியை மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது புரிந்துவிடும். இரண்டாம் உலகப் போரையொட்டி பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிமணிகளைக் கூப்பன் கொடுத்துத்தான் வாங்க முடிந்தது. பாவாடைகள் ஒடுங்கின, மடிப்புகள் குறைந்தன. அந்த வறட்சிக்கு நடுவே 1947 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் என்ற ஆடை வடிவமைப்பாளர் இறுகிய இடுப்பும் மீட்டர் கணக்கில் துணியை விழுங்கும் பாவாடையும் கொண்ட உடைகளை அறிமுகப்படுத்தினார். அடுத்த பத்தாண்டுகளின் கவுன்கள் பலவும் அந்த உருவத்தின் வழி வந்தவையே. ஆகவே இடுப்பு கச்சிதமாக உட்கார்ந்து, பாவாடை தாராளமாக விரிந்தால் போதும், பார்ப்பவர்கள் காலத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள். லேஸும் ரிப்பன் முடிச்சும் இல்லாவிட்டாலும் குறையில்லை.

பாவாடைக்கு முழு வட்டமாக வெட்டுங்கள். இடுப்பு 28 அங்குலம் என்றால் அதை 6.28 ஆல் வகுக்க ஏறத்தாழ நாலரை அங்குலம் வரும். மையப் புள்ளியிலிருந்து அந்தத் தூரத்தில்தான் இடுப்பு வட்டத்தின் தையல் கோடு வரும். தையலுக்கு அரை அங்குலம் உள்ளே விட வேண்டும் என்பதால் 4 அங்குலத்தில் வரைந்து வெட்டினேன். பாவாடையின் நீளம் 26 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் முழு வட்டம் ஒரே துண்டாக அமையாது. ஆகவே துணியின் கரையிலிருந்து அரை அங்குலம் உள்ளே மையப் புள்ளியை வைத்து இரண்டு அரை வட்டங்களாக வெட்டிப் பக்கவாட்டில் இணைக்க வேண்டும். பாவாடைக்கு மட்டும் மூன்றேகால் மீட்டர், மேல் உடம்புக்கு ஒன்றேகால் மீட்டர், ஆக நாலரை மீட்டர் பாப்ளின் வாங்கினேன். ஒரே திசையில் நிற்கும் பூக்கள் அச்சிட்ட துணியை இதற்கு எடுக்காதீர்கள். அரை வட்டத்தில் அந்தப் பூக்கள் ஒரு பக்கம் நிமிர்ந்தும், முன்புறம் படுத்தும், மறுபக்கம் தலைகீழாகவும் விழும். புள்ளி போட்ட துணிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் புள்ளி ஒரு ரூபாய் நாணயத்தின் அளவிலாவது இருக்கட்டும். கடுகளவுப் புள்ளிகள் கடைசி வரிசையிலிருந்து பார்க்கும்போது கலந்து மங்கிவிடுகின்றன.

மேல் உடம்பை நல்ல துணியில் வெட்டுவதற்கு முன் மலிவான காடாத் துணியில் ஒருமுறை தைத்துப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். நான் தப்பித்தது அதனால்தான். கை தாராளமாக அசையட்டும் என்று எண்ணி, அண்ணன் மகளுடைய பழைய சுடிதாரின் அளவைவிட அக்குள் வெட்டை ஓர் அங்குலம் கீழே இறக்கியிருந்தேன். நிற்கும்போது பார்க்க அழகாகத்தான் இருந்தது. நடனத்தில் வரும்படி இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியதும், "அத்தை, டிரஸ்ஸே மேல ஏறுது பாருங்க" என்றாள். இடுப்புத் தையல் விலா எலும்பின் மேல் இரண்டு அங்குலம் ஏறி நின்றது. அக்குள் வெட்டு தாழ்ந்திருந்தால், கை உயரும்போது பக்கத் தையல் முழுவதையும் அது இழுத்துக்கொண்டு போகிறது. வெட்டு அக்குளை ஒட்டி இருந்தால் கை மட்டும் தனியாக அசைகிறது. அடுத்த மாதிரியில் வெட்டை ஓர் அங்குலம் உயர்த்தி, கையும் பக்கத் தையலும் சந்திக்கும் இடத்தில் மூன்று அங்குலச் சதுரத் துண்டு ஒன்றைச் சாய்சதுரமாக வைத்துத் தைத்தேன். அந்தக் காலத்துத் தையலிலும் உடம்போடு சேர்த்து வெட்டிய கைகளுக்கு இப்படி ஒட்டுத் துண்டு வைப்பது வழக்கம். அதன் பிறகு கையை எவ்வளவு தூக்கினாலும் இடுப்பு அசையவில்லை. உங்கள் தங்கையைக் கண்ணாடி முன் நிற்கவைத்து மட்டும் அளவு பார்க்காமல், பாட்டைப் போட்டு முழு நடனத்தையும் காடாத் துணியோடு ஆடச் சொல்லுங்கள்.

குடைபோல் விரிவதற்கு உள்ளே ஒரு நெட் பாவாடை தேவை. பட்டுப் பாவாடைக்கு வைக்கும் அதே கேன்கேன் நெட் போதும். ஆனால் இடுப்பிலிருந்தே சுருக்கம் வைத்தால், பாடுபட்டு ஒடுக்கிய இடுப்பு தடித்துத் தெரியும். இடுப்பிலிருந்து ஏழு அங்குலத்துக்குப் பருத்தித் துணியில் சுருக்கமில்லாத பட்டியும், அதன் கீழே இரண்டு அடுக்கு நெட்டும், ஒவ்வொரு அடுக்கும் மேலுள்ளதைப் போல் இரு மடங்கு சுற்றளவுமாக வையுங்கள். நெட் காலை உரசிச் சிவக்கவைக்கும் என்பதால் உட்புறம் மெல்லிய பருத்தி லைனிங் கொடுத்து, சுழலும்போது பாவாடை உயரும் என்பதை மனத்தில் கொண்டு, அதே நிறத்தில் ஒரு ஷார்ட்ஸும் தைத்துவிடுங்கள்.

ஜிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்துக் கவுன்களில் இடது பக்கத் தையலில் ஜிப் வைப்பது உண்டு. மேடைக்குப் பின்னால் இரண்டு நிமிடத்தில் உடை மாற்ற வேண்டியிருந்தால் அந்த நேர்த்தியை விட்டுவிட்டு முதுகில் வையுங்கள். ஜிப்பின் உச்சியில் ஒரு ஹூக்கும் கட்டாயம் வேண்டும்.

கடைசியாக, எத்தனை அவசரமானாலும் கீழ் விளிம்பை உடனே மடித்துத் தைத்துவிடாதீர்கள். வட்டமாக வெட்டிய துணியில் இழை குறுக்காக ஓடும் இடங்கள் தன் எடையாலேயே தொய்யும். நான் கவுனை ஹேங்கரில் ஒரு முழு நாள் தொங்கவிட்டேன். மறுநாள் அவள் ஆடப்போகும் செருப்பையும் நெட் பாவாடையையும் போட்டு நிற்க, தரையிலிருந்து ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்துச் சுற்றிலும் சாக்பீஸால் குறித்துக்கொண்டே வந்தபோது, நான்கு இடங்களில் முக்கால் அங்குலம் வரை இறங்கியிருந்தது. அதை வெட்டிச் சமன் செய்த பிறகே, கால் அங்குல அகலத்தில் இருமுறை மடித்துத் தைத்தேன்.