கேமரா முன்னால் அழலாமா? – வாசகர் கேள்வி பதில்

(தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆன்லைன் மனநல ஆலோசனை பற்றியவை. ஊர்ப்பெயர் மட்டும் வெளியிடுகிறோம்.)

கேள்வி: என் வீட்டுக்காரர் காலமாகி எட்டு மாதம். பதினாறாம் நாள் வரை வீடு நிறைய ஆள். அதற்குப் பிறகு நானும் டிவியும்தான். கேப் டவுனில் இருக்கும் மகன் ஆன்லைனில் ஓர் உளவியலாளரிடம் நேரம் வாங்கித் தந்திருக்கிறான். நேரில் போவதற்கு இது ஈடாகுமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: துக்கம், மனச்சோர்வு, பதற்றம் இவற்றுக்குப் பெரும்பாலும் ஈடாகும் அம்மா. வீடியோ வழியாகவும் நேரிலும் ஒரே வகைச் சிகிச்சையைக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே வந்திருக்கிறது. ஒரே ஆளிடம், விடாமல், வாரம் ஒருமுறை பேசுவதுதான் முக்கியம்.

ஆனால் திரையில் சில விஷயங்கள் தவறிப் போகும். தோளுக்குக் கீழே தெரியாததால் கை நடுக்கம், கால் ஆட்டம், நடை, இளைத்த உடம்பு எதுவும் ஆலோசகர் கண்ணில் படாது. நீங்கள் அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கு நீங்கள் வேறெங்கோ பார்ப்பது போலத் தெரியும், ஏனென்றால் கேமரா மேலே இருக்கிறது. குரல் ஒரு நொடிக்கும் குறைவாகத் தாமதித்து வருவதால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவீர்கள். அறையில் இரண்டு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். போனில் அந்த மௌனம் லைன் போய்விட்டதோ என்ற பயத்தைத் தரும். "நான் பேசாமல் இருந்தால் அழுகிறேன் என்று அர்த்தம், காத்திருங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூச்சமாக இருந்தாலும் இது மிகவும் உதவும்.

போனைக் கையில் பிடிக்க வேண்டாம். புத்தகங்களை அடுக்கி அதன்மேல் சாய்த்து, கை நீளத் தூரத்தில், கண் மட்டத்தில் வையுங்கள். ஜன்னல் உங்களுக்கு எதிரே இருக்கட்டும்; முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகி, கண்ணீர் கூடத் தெரியாது. உங்கள் முகமே மூலையில் தெரிந்துகொண்டிருப்பது களைப்பைத் தரும். அதை மறைக்க வசதி இருந்தால் மறைக்கச் சொல்லி மகனிடம் கேளுங்கள். காது மந்தமென்றால் ஹெட்போன் போடுங்கள், சிலருக்கு நேரில் கேட்பதைவிட நன்றாகவே கேட்கும்.

முடிந்தால் முதல் சந்திப்பு மட்டும் நேரில் இருக்கட்டும். நான்கு முறை பேசியும் மனம் ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள்; திரையின் மேல் பழி போடாதீர்கள். தூக்கம் கெட்டு, எடையும் இறங்கினால் கிளினிக்கில் சர்க்கரை, தைராய்டு பார்த்துவிடுங்கள். அதை எந்த வீடியோ அழைப்பும் கண்டுபிடிக்காது.

கேள்வி: கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்து இரண்டு வருடம். ஆங்கிலத்தில் மனசு விட்டுப் பேச வரவில்லை. சென்னையில் இருக்கும் ஆலோசகரிடம் தமிழில், குறைந்த கட்டணத்தில் பேசலாமா?
– வாசகி, மிட்ராண்ட்

பதில்: அழும்போது வருகிற மொழியில்தான் ஆலோசனை நன்றாக நடக்கும், அதனால் உங்கள் ஆசை நியாயமே. என்றாலும் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

முதலாவது, பதிவு. தென்னாப்பிரிக்காவில் இருக்கிறவர்களுக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர் இங்கே எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற சுகாதாரத் தொழில்முறையினர் மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பதே விதி. வெளிநாட்டிலிருந்து தொலைவழி சேவை தருகிறவர்களையும் அந்த விதி விடவில்லை. மன்றத்தின் இணையதளத்தில் உள்ள ஐரெஜிஸ்டர் என்ற பதிவேட்டில் பெயரைத் தட்டினால் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். உளவியலாளரின் எண் பி.எஸ். என்றும், பதிவு பெற்ற கவுன்சிலரின் எண் பி.ஆர்.சி. என்றும் தொடங்கும். சமூக சேவகர்களுக்குத் தனி மன்றம் உண்டு. 'லைஃப் கோச்' என்ற பெயருக்குச் சட்டப்படியான பதிவேடு எதுவும் கிடையாது. சென்னை ஆலோசகர் இங்கே பதியாதவர் என்றால், தவறு நடந்தால் நீங்கள் முறையிட இங்கே இடம் இல்லை, மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடும் பணம் தராது.

இரண்டாவதைத்தான் பெரிதாக நினைக்கிறோம்: ஆபத்து வந்தால் யார் வருவார்கள்? சென்னையில் இருப்பவருக்கு மிட்ராண்ட் ஆம்புலன்ஸ் எண் தெரியாது. யாரிடம் பேசினாலும் உங்கள் முழு முகவரி, பக்கத்தில் இருக்கும் ஒருவரின் எண், அருகிலுள்ள மருத்துவமனை மூன்றையும் எழுதிக் கொடுங்கள். அதைக் கேட்டு வாங்காத ஆலோசகர் சரியான ஆலோசகர் இல்லை. செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் சென்னையை அழைக்காதீர்கள். மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் சாடாக் அமைப்பின் 0800 567 567 இங்கே இலவசம். செல்போனில் 112, ஆம்புலன்ஸுக்கு 10177.

மூன்றாவது, நேரம். இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால். உங்களுக்கு மாலை ஆறு என்றால் அங்கே இரவு ஒன்பதரை. தூக்கக் கலக்கத்தில் கேட்கிற ஆலோசகரால் என்ன பயன்? உங்களுக்குக் காலை பத்து மணி இருவருக்கும் ஒத்து வரும்.

எங்கள் யோசனை: இங்கே பதிவு பெற்ற ஒருவரை அடிப்படையாக வையுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் தமிழ் தெரிந்தவர் கிடைக்காவிட்டால் டர்பன் பக்கம் தேடி வீடியோவில் பேசலாம்.

கேள்வி: இரண்டு அறை வீட்டில் ஆறு பேர். மாமியார் கதவருகே நின்று கேட்பார். எங்கே உட்கார்ந்து பேசுவது?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: நேரில் போனால் நாற்பது நிமிடப் பயணமும் ஒரு மூடிய கதவும் கிடைக்கும். ஆன்லைனில் அந்தக் கதவை நீங்களே செய்துகொள்ள வேண்டும். ஹெட்போன் போட்டால் எதிர்முனைப் பேச்சுதான் மறையும், உங்கள் பேச்சு மறையாது. கதவுக்கு வெளியே மின்விசிறியோ ரேடியோவோ ஓடட்டும். பலர் நிறுத்தி வைத்த காரில் பேசுகிறார்கள். அது நல்ல யோசனைதான், ஆனால் ஆளரவமற்ற தெருவில் நிறுத்தாதீர்கள், கார் ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பேச்செல்லாம் ஸ்பீக்கரில் ஒலிக்கும். அவுட்பில்டிங் (வீட்டோடு சேராத தனி அறை) இருக்கிற உறவினர் வீட்டில் வாரம் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள்.

யாராவது உள்ளே வந்துவிட்டால் சொல்ல ஒரு சாதாரண வாக்கியத்தை ஆலோசகரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். "மளிகை லிஸ்ட் அனுப்புகிறேன்" என்றால் பேச்சை மாற்று என்று அர்த்தம்.

வீடியோவுக்கு ஒரு மணி நேரத்தில் அரை ஜிபி முதல் ஒன்றரை ஜிபி வரை டேட்டா போகும். குரல் அழைப்புக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. மின்சாரம் போகும் நாளுக்காக மினி யூ.பி.எஸ். வாங்குகிறவர்கள் ரௌட்டரை மட்டும் அதில் செருகி, சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். லைன் அறுந்தால் யார் யாரை எந்த எண்ணில், எத்தனை நிமிடத்துக்குள் திரும்ப அழைப்பது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. வீட்டிலிருந்து பேசவே வேண்டாம். பகிர்ந்து பயன்படுத்தும் டேப்லெட்டில் நேரம் உறுதியான மின்னஞ்சல் வந்து நிற்கும். வன்முறைக்கு ஆளாகிறவர்களுக்கான உதவி எண் 0800 428 428, 24 மணி நேரமும் இலவசம். பத்திரமான இடத்திலிருந்து அழையுங்கள்.

கேள்வி: மெடிக்கல் எய்ட் ஆன்லைன் ஆலோசனைக்குப் பணம் தருமா? கணவருக்குத் தெரிந்துவிடுமா?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: தீவிர மனச்சோர்வு, பைபோலார் (மனநிலை மிகையாக ஏறி இறங்கும்) நோய்களுக்குச் சட்டம் வகுத்த குறைந்தபட்சப் பலன் உண்டு: வருடத்துக்கு மூன்று வாரம் வரை மருத்துவமனையில், அல்லது வெளிநோயாளியாக 15 சந்திப்பு வரை. சாதாரண உறவுச் சிக்கல் இதில் வராது. வீடியோ சந்திப்பை ஏற்கிறார்களா, அவர்கள் பட்டியலில் உள்ளவரிடம்தான் போக வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசிப் பதிலை நம்பாதீர்கள்.

இரண்டாம் கேள்வி: தெரிய வாய்ப்பு உண்டு. கணவர் முதன்மை உறுப்பினரானால் கணக்கு அறிக்கை அவருக்குப் போகும். உளவியலாளர் பெயரும் தேதியும் அதில் இருக்கும். வேண்டாமென்றால் கையிலிருந்து ரொக்கமாகக் கட்டுங்கள், கட்டணச் சலுகை உண்டா என்றும் கேளுங்கள். பலர் தருகிறார்கள், கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை.

கேள்வி: என் 15 வயது மகள் தனியாகத்தான் பேசுவேன் என்கிறாள். பெற்றோர் உட்கார வேண்டாமா?
– வாசகர், டொங்காட்

பதில்: வேண்டாம் ஐயா. 12 வயதைத் தாண்டி, விளைவுகளைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் பிள்ளையே சிகிச்சைக்குச் சம்மதம் தரலாம் என்கிறது 2005-ஆம் ஆண்டின் சிறார் சட்டம். முதல் பத்து நிமிடம் சேர்ந்து இருந்துவிட்டு எழுந்து போங்கள். 'என்ன பேசினாய்' என்று இரவுச் சாப்பாட்டில் கேட்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் விஷயம் வேறு. ஐந்து, ஆறு வயதில் விளையாட்டு வழியாகத்தான் சிகிச்சை, அதற்குத் தரையும் பொம்மையும் வேண்டும். நேரில் கூட்டிப் போங்கள்.

கேள்வி: தம்பி தினமும் ஒரு பாட்டில் பிராந்தி. ஆன்லைன் கவுன்சிலிங் எடுத்து நாளைக்கே நிறுத்திவிடுகிறேன் என்கிறான்.
– வாசகர், மெரிபேங்க்

பதில்: நாளைக்கே நிறுத்த விடாதீர்கள். தினமும் அதிகம் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் சித்தப்பிரமை பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். திரையில் இருக்கும் ஆலோசகரால் நாடி பார்க்க முடியாது, ஊசி போட முடியாது. உளவியலாளர் மருந்து எழுதவும் முடியாது. அது மருத்துவர் வேலை.

முதலில் கிளினிக் அல்லது மருத்துவமனைக்கு நேரில் போய், எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரை அவராகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். வைட்டமின் பி1 கொடுப்பார்களா என்று கேளுங்கள். குடிநோய்க்கென்றே இயங்கும் சான்கா அமைப்புக்கு டர்பனிலும் கிளை உண்டு. உடம்பு தெளிந்த பிறகு வாராந்திர வீடியோ ஆலோசனை நன்றாகவே உதவும். வெள்ளிக்கிழமை மாலைக்கு நேரம் வாங்குங்கள், கைக்குச் சம்பளம் வருகிற நேரத்தில்தான் பேச்சுத்துணை அதிகம் தேவைப்படும்.