கிரேக்கத் தீவுகளுக்கிடையே ஃபெர்ரியில் போக எப்படித் திட்டமிடுவது? பத்து நாளில் எத்தனை தீவு பார்க்கலாம்?

பத்து நாள் என்றால் இரண்டு தீவு. மூன்றாவதைச் சேர்க்கக் கை பரபரக்கும், சேர்க்காதீர்கள். நான் சேர்த்துவிட்டுப் பட்டவள்.

ஒரு ஆகஸ்ட் கடைசியில் அம்மாவும் நானும் போனோம். ஏதென்ஸ், பாரோஸ், நாக்ஸோஸ், சாந்தோரினி, மறுபடி ஏதென்ஸ் என்று எக்செல்லில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தேன். வரைபடத்தில் பார்த்தால் எல்லாத் தீவும் கூப்பிடு தூரம்தான். ஆனால் தீவு மாறும் ஒவ்வொரு நாளும் பாதி நாள் போய்விடும். அறையைக் காலி செய்யணும், பெட்டியோடு துறைமுகத்தில் வெயிலில் நிற்கணும், கப்பல் முக்கால் மணி தாமதமாக வரும், இறங்கினால் அங்கே அறை தயாராக இருக்காது.

முதலில் முடிவு செய்யவேண்டியது எந்தக் கப்பல் என்பதை. கார், லாரி எல்லாம் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய கப்பலில் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நாக்ஸோஸ் போக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிவேகக் கப்பல் சீக்கிரம் போய்விடும், கட்டணம் கணிசமாகக் கூடுதல். காசு இருந்தாலும் நான் பெரியதைத்தான் சொல்வேன். மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு, காபி குடித்துக்கொண்டு போகலாம். அதிவேகக் கப்பலில் பெரும்பாலும் ஏசி பஸ் மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருக்கணும். அலை அடித்தால் குலுங்குகிற குலுங்கலில் காலையில் தின்றது தங்காது.

அதைவிடப் பெரிய காரணம் காற்று. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து 'மெல்தெமி' என்று ஒரு வறண்ட காற்று வீசும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், மேகமே இருக்காது, கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக் கிடக்கும். காற்றின் பலத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 8-ஐத் தொட்டால் பெரிய கப்பல்களையே துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். சிறிய, வேகமான கப்பல்களுக்கு அதற்கு முன்பே தடை வந்துவிடும்.

எங்களுக்கு வந்தது. நாக்ஸோஸிலிருந்து சாந்தோரினி கிளம்பவேண்டிய காலை, பயணம் ரத்து என்று குறுஞ்செய்தி. டிக்கெட் பணம் முழுசாகத் திரும்பியது, சாந்தோரினி அறைக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். எனக்கு ஆத்திரம். அப்புறம் 2000 செப்டம்பர் 26 இரவு நடந்ததைப் படித்தேன். எக்ஸ்பிரஸ் சமினா என்ற ஃபெர்ரி பலத்த காற்றில் பாரோஸ் துறைமுகத்தை நெருங்கும்போது பாறையில் மோதி மூழ்கி, ஏறக்குறைய 80 பேர் இறந்திருக்கிறார்கள். அதன் பிறகு நான் முணுமுணுக்கவில்லை.

ஆகவே, ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு கட்டாயம் ஏதென்ஸில் இருங்கள். முடிந்தால் இரண்டு இரவு. தீவு அறைகளை ரத்து செய்ய வசதி உள்ளதாகப் பார்த்துப் போடுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை.

பிரேயஸுக்கு விமான நிலையத்திலிருந்தே நேராக மெட்ரோ இருக்கிறது, மூன்றாம் தடம். துறைமுகம் மிகப் பெரியது. வாயில்களுக்கு ஈ1, ஈ2 என்று எண் உண்டு. எந்த வாயில் என்று முதல்நாளே பார்த்துவையுங்கள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பெட்டியோடு ஓடமுடியாது.

கப்பலுக்குள் லாரி ஏறும் அதே சரிவில்தான் நாமும் ஏறுவோம். உள்ளே தீவுப் பெயர் எழுதிய அலமாரிகள் இருக்கும், உங்கள் தீவின் அலமாரியில் பெட்டியை வைத்துவிட்டு மேலே போகலாம். பூட்டுக் கிடையாது, பாஸ்போர்ட், மாத்திரை, பணம் கையில் இருக்கட்டும். இறங்கும்போதுதான் வேடிக்கை. அறிவிப்பு வந்ததும் எல்லோரும் கீழே வண்டிகள் நிற்கிற தளத்தில் கூடிவிடுவார்கள். டீசல் வாசனை, சங்கிலிச் சத்தம், இருட்டு. திடீரென்று பின்பக்கக் கதவு கீழே சாயத் தொடங்கி ஒரு கீற்று வெளிச்சம் விழும். கப்பல் இன்னும் பின்னோக்கி நகர்ந்துகொண்டுதான் இருக்கும். "ஏண்டி, நிக்கவே இல்ல, அதுக்குள்ள திறந்துட்டானே!" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சில நிமிடத்தில் இறங்குபவர் இறங்கி, ஏறுபவர் ஏறி, கப்பல் போயே போய்விடும். கதவருகே தயாராக நிற்காவிட்டால் அடுத்த தீவுதான்.

காற்று நிற்கும்வரை நாக்ஸோஸிலேயே மாட்டிக்கொண்டோம். கிரேக்கப் புராண வீரன் தீசியஸ் தன்னை நம்பி வந்த அரியாட்னி என்ற இளவரசியைத் தூங்கும்போது விட்டுவிட்டுக் கப்பலேறிப் போனதாகக் கதை சொல்கிற தீவு இதுதான். மாட்டிக்கொள்ள நல்ல இடம் என்றுதான் சொல்லணும். சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்தில் இதுவே பெரியது, 1,000 மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்த மலையும் இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய சிறு மேட்டில் 'போர்த்தாரா' என்ற சலவைக்கல் வாசல் தனியாக நிற்கிறது. கி.மு. 530 வாக்கில் தொடங்கி முடிக்காமல் விட்ட அப்போலோ கோயிலின் மிச்சம். கோயில் இல்லை, நிலை மட்டும் இருக்கிறது. சாயங்காலம் கூட்டம் அம்மும், காலையில் போங்கள்.

துறைமுகத்துக்கு எதிரிலிருந்தே ஊர்களுக்குப் பேருந்து கிளம்புகிறது. ஹால்கி, தெருவெல்லாம் சலவைக்கல் பாவிய அபிராந்தோஸ், வட முனையில் அப்போலோனாஸ். அப்போலோனாஸுக்குப் பேருந்து குறைவு, திரும்பும் நேரத்தை ஏறும்போதே கேட்டுவிடுங்கள். அங்கே பழைய கல்குவாரியில் 10 மீட்டருக்கு மேல் நீளமுள்ள சிலை, பாதி செதுக்கியபடி மல்லாந்து கிடக்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாக யாரும் தூக்கி நிறுத்தவில்லை. அம்மா பார்த்ததும், "பெருமாள் மாதிரி பள்ளிகொண்டுட்டான்" என்றாள்.

சைவத்துக்குப் பயப்படவேண்டாம். அரிசி அடைத்துச் சுட்ட தக்காளி, வெள்ளைப் பெரிய பயற்றில் செய்த குழம்பு, சீஸ் வைத்த பணியாரம் எல்லாம் கிடைக்கும். அரிசி அடைத்ததில் மட்டும் கறி இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சில இடத்தில் கொத்துக்கறி சேர்ப்பார்கள். நாக்ஸோஸ் உருளைக்கிழங்கு கிரேக்கம் முழுக்கப் பேர்போனது. அம்மா மூன்று வேளையும் அதைத்தான் வறுத்துத் தரச் சொல்லிச் சாப்பிட்டாள், கூடப் பையிலிருந்த ஊறுகாய்.

காற்று அடங்கியதும் பெரிய கப்பலில் நேராகப் பிரேயஸ் வந்து, விமானத்தையும் பிடித்தோம். சாந்தோரினியைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரியாது, இன்னும் பார்க்கவில்லை.