பன்னிரண்டு பக்க மெனு, நான்கு அடுப்பு

கேள்வி: மத்திய நியூஜெர்சியில் இருக்கிறோம். வீட்டுக்குப் பக்கத்தில் பல வருடங்களாக நடக்கும் கிரேக்க-அமெரிக்க டைனர் (எளிய சாப்பாட்டு உணவகம்) ஒன்று உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அங்கே அழைத்துப்போக ஆசை. அம்மா முட்டை சாப்பிடுவார், கறி மீன் தொடமாட்டார். அப்பாவுக்குக் கோழியும் ஆட்டுக்கறியும் பிடிக்கும். மாடும் பன்றியும் ஆகாது. மெனுவோ பன்னிரண்டு பக்கம். எதை வாங்குவது, என்னவெல்லாம் கேட்டுக்கொள்வது, டிப் எவ்வளவு வைப்பது?

பதில்: மெனுவைப் புரட்டுவதற்கு முன்னால் சமையலறையைத் தெரிந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு பக்கத்தில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் நான்கு இடங்களிலிருந்துதான் வருகிறது. ஒன்று, மேசை அகலத்துக்கு விரிந்த இரும்புக் கல். நம் ஊர் ஹோட்டல் தோசைக்கல்லின் அண்ணன். முட்டை, பேன்கேக், பேகன் என்ற பன்றிக்கறித் துண்டு, பர்கர், உருளைக்கிழங்கு எல்லாம் இதில். இரண்டாவது எண்ணெய்ச் சட்டி. மூன்றாவது பிராய்லர்: கம்பியில் வைத்த இறைச்சியையும் மீனையும் கடும் அனலில் வாட்டும் அடுப்பு. நான்காவது ‘அவன்’ (oven) என்ற மூடிய சூட்டடுப்பு, அதிலிருந்து வரும் பெரிய தட்டுகளைச் சூடு ஆறாமல் நீராவி மேடையில் வைத்திருப்பார்கள். ஒரு பண்டம் இந்த நான்கில் எதிலிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டாலே அது புதிதாக இருக்குமா, அதோடு வேறு எது உரசியிருக்கும் என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

பேன்கேக்குக்குப் பக்கத்தில் கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கிச் சுடும் கிரேக்க முசாக்கா எப்படி வந்தது என்று அப்பா கேட்கலாம். டைனரின் முன்னோடி, 1872ல் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் இரவு வேலைக்காரர்களுக்காக நிறுத்திய குதிரை வண்டிக் கடை. பிறகு ரயில்பெட்டி வடிவில் தொழிற்சாலையிலேயே முழுக்கடையையும் கட்டி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். உங்கள் மாநிலத்தின் எலிசபெத் நகரில் இயங்கிய ஜெர்ரி ஓ'மஹோனி நிறுவனம் அதில் பெயர்பெற்றது. கிரேக்கத்திலிருந்து குடியேறியவர்கள் பாத்திரம் கழுவுவதில் தொடங்கிச் சமையல்காரராகி, பிறகு கடையையே வாங்கினார்கள். 1965ம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அந்த வரவு இன்னும் கூடியது. வாடிக்கையாளர் கேட்டதை மெனுவிலிருந்து நீக்காமல், தங்கள் வீட்டுச் சமையலைப் பக்கத்தில் சேர்த்தார்கள். அதனால்தான் யூதர்களின் மாட்ஸோ உருண்டை சூப்பும் இத்தாலியரின் சிக்கன் பார்மஜானும் ஒரே மெனுவில் இருக்கின்றன.

இனி அப்பாவின் தட்டு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், ஆகவே நிதானமாகச் சொல்கிறோம். மெனுவில் ‘கைரோ’ என்று பலர் படிப்பது கிரேக்க உச்சரிப்பில் ‘யீரோ’. செங்குத்தாகச் சுழலும் அந்தக் கறிக்கூம்பு ஆட்டுக்கறி என்று நம்பி வாங்காதீர்கள். அமெரிக்காவில் கிடைக்கும் வழக்கமான கூம்பு மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் அரைத்து, ரொட்டித் தூளும் மசாலாவும் சேர்த்து அழுத்தி, ஆலையில் உறையவைத்து வருவது. பெரும்பாலும் மாட்டிறைச்சிதான் அதிகம். ‘லேம்ப் கைரோ’ என்று அச்சிட்டிருந்தாலும் கலவையா என்று கேளுங்கள். கிரேக்க நாட்டிலோ யீரோ என்றால் பெரும்பாலும் பன்றி, இல்லாவிட்டால் கோழி. அந்த வழக்கத்தைப் பின்பற்றும் டைனர்களும் உண்டு. மாடு கலந்த கூம்பு, பன்றி இரண்டுமே அப்பாவுக்கு ஆகாதவை என்பதால், ‘சிக்கன் யீரோ’ என்று பெயர் சொல்லியே வாங்குங்கள்.

அதைவிட நல்லது சிக்கன் சுவ்லாக்கி. எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், பூண்டு, ஓரிகானோ போட்டு ஊறவைத்து, குச்சியில் கோத்துப் பிராய்லரில் வாட்டியது. வெறும் ‘சுவ்லாக்கி’ என்றால் பன்றியாகவும் இருக்கலாம். ‘பிளாட்டர்’ என்று வாங்கினால் பீட்டா ரொட்டி, சாதம் அல்லது உருளைக்கிழங்கு, சாலட், ட்ஸாட்ஸிகி எல்லாம் கூடவே வரும். ட்ஸாட்ஸிகி நம் வெள்ளரித் தயிர்ப் பச்சடிக்கு நெருங்கிய சொந்தம், பூண்டு மட்டும் தூக்கல். மார்புக்கறித் துண்டுகள் அதிகம் வாடினால் நார்நாராகும். அதனால் ‘வெல் டன்’ (நன்றாக வாட்டியது) என்று சொல்லாதீர்கள். கோழியை எப்படியும் முழுக்க வேகவைத்துத்தான் தருவார்கள்.

ஆட்டுக்கறிக்கு மெனுவைவிட, அதில் செருகியிருக்கும் அன்றைய ‘ஸ்பெஷல்ஸ்’ தாளைப் பாருங்கள். லேம்ப் ஷாங்க் என்று இருந்தால் யோசிக்காமல் எடுங்கள்: ஆட்டின் கால்கறியைத் தக்காளிச் சாற்றில் பல மணிநேரம் அவனில் வேகவைத்து, அரிசி வடிவில் இருக்கும் ஓர்ஸோ பாஸ்தாவோடு தருவார்கள். அப்பாவின் நாக்குக்கு இந்த மெனுவில் இதைவிட நெருக்கமானது இல்லை. லேம்ப் சாப்ஸ் கேட்டால் எந்தப் பதம் என்று கேட்பார்கள். உள்ளே சிவப்பு ஆகாது என்றால் இங்கே ‘வெல் டன்’ சரி. முசாக்கா, பாஸ்தா அடுக்கிச் சுடும் பஸ்தீட்சியோ இரண்டிலும் கொத்துக்கறி பெரும்பாலும் மாடு அல்லது கலவை, விட்டுவிடுங்கள். ‘டர்க்கி கிளப்’ வான்கோழிதானே என்று வாங்கினால் மூன்று அடுக்கு ரொட்டிக்கு நடுவே பன்றி பேகன் இருக்கும். ‘நோ பேகன்’ என்றால் எடுத்துவிட்டுத் தருவார்கள்.

அம்மாவுக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியது ஸ்பனாகோப்பிட்டா. காகிதம்போல மெல்லிய ஃபிலோ மாவு அடுக்குகளுக்குள் கீரையும் ஃபெட்டா பாலாடைக்கட்டியும் முட்டையும் வைத்து அவனில் சுடுவது. ஒரு நிபந்தனை: மைக்ரோவேவில் வேண்டாம், அவனில் சூடாக்கித் தரச்சொல்லுங்கள். மைக்ரோவேவில் உள்ளே இருக்கும் கீரையின் ஈரம் ஆவியாகி மாவில் ஏறிவிடும். மொறுமொறுப்பு போய் ஈரத்துணி போலாகும். பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகக் காத்திருப்பது வீண்போகாது.

ஆம்லெட் வாங்குவதானால் ஃபெட்டாவும் தக்காளியும், அல்லது கீரை. வழக்கமாக மூன்று முட்டையில் செய்வார்கள், அம்மாவுக்கு ஒரு வேளைக்கு அது அதிகம். அந்தப் பெரிய கல்லில் பேகனும் ஸாசேஜும் வதங்கிக்கொண்டிருக்கும் என்பதால், ஆம்லெட்டைத் தனிச் சட்டியில் போட முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் முடியும். கூட வரும் ‘ஹோம் ஃப்ரைஸ்’ உருளைக்கிழங்கு அந்தக் கல்லிலேயே கிடந்து வறுபடுவது; அதற்குப் பதிலாக நறுக்கிய தக்காளியோ பழமோ கேட்டால் மாற்றித் தருவார்கள். அம்மா இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பு என்றால் வாஃபிள் வாங்குங்கள். அதற்கென்றே தனி இரும்பு அச்சு இருப்பதால் இறைச்சி அந்தப் பக்கம் வருவதில்லை. பேன்கேக்குக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

சைவம் போலத் தெரிந்து சைவமில்லாதவை நிறைய. பிலாஃப் சாதத்தைக் கோழிச் சாறில் வேகவைப்பது வழக்கம். கிரேக்க எலுமிச்சை உருளைக்கிழங்கும் பலசமயம் அப்படியே. பட்டாணி சூப்பில் பன்றித் தொடை எலும்பு விழுந்திருக்கும். அவ்கோலெமோனோ என்ற எலுமிச்சை-முட்டை சூப் அடிப்படையில் கோழிச் சூப்தான். பருப்பு சூப் பெரும்பாலும் சைவம், இருந்தாலும் சாறு எதில் என்று கேட்டுவிடுங்கள். கிரீக் சாலட்டின் உச்சியில் நெத்திலி வைக்கும் பழக்கம் உண்டு. சுருட்டிய திராட்சை இலைக்குள் சோறா, கறியா என்றும் பார்க்கவேண்டும். பிரெஞ்ச் ஃப்ரைஸ் பொரியும் அதே எண்ணெயில்தான் கோழியும் கணவாயும் பொரிந்திருக்கும். ஜெல்லோ என்ற ஜெல்லி இனிப்பில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். அரிய வகைச் சந்தேகம் ஒன்று: ஃபெட்டா போன்ற பாலாடைக்கட்டிகளை உறையவைக்கக் கன்று, ஆட்டுக்குட்டிகளின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்ப்பது பழைய முறை. சிலருக்கு இது முக்கியம். அம்மாவிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பணியாளரிடம் ‘இது வெஜிடேரியனா?’ என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்றே பதில் வரும். தட்டில் கண்ணுக்குக் கறித்துண்டு தெரியாவிட்டால் பலருக்கு அது வெஜிடேரியன்தான். ‘இதில் சிக்கன் ஸ்டாக் இருக்கிறதா?’, ‘தனிச் சட்டியா?’ என்று குறிப்பாகக் கேட்டால்தான் சமையலறைக்குள் போய் விசாரித்து வருவார்கள். இதைத் தொந்தரவாக யாரும் நினைப்பதில்லை. டைனர் பணியாளர்கள் நாள் முழுக்கக் கேட்பது இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் போக நேர்ந்தால் ‘நிஸ்தீசிமா’ ஏதாவது உண்டா என்று கேட்டுப்பாருங்கள். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் நோன்புச் சமையல் அது: கறி, பால், முட்டை எதுவும் சேராது. வெள்ளை பீன்ஸ் சூப், கீரைச் சாதம், தக்காளியில் சுட்ட பெரிய மொச்சை எல்லாம் அப்போது செய்வார்கள். முட்டையும் சாப்பிடாத உறவினர் வந்தால் அவர்களுக்கும் இதுவே வழி. ஆனால் இறால், ஆக்டோபஸ், கணவாய் ஆகியவை அந்த நோன்பில் அனுமதி. அதை மட்டும் விலக்கிக் கேளுங்கள்.

முட்டை சொன்னதும் ‘எப்படி வேண்டும்?’ என்பார்கள். ‘சன்னி சைட் அப்’ நம் ஆஃப்பாயில். ‘ஓவர் ஈஸி’ திருப்பிப் போட்டாலும் மஞ்சள் கரு ஒழுகும். அம்மாவுக்கு ஃபுல்பாயில் வேண்டுமென்றால் ‘ஓவர் ஹார்ட்’. அடுத்து டோஸ்ட் எந்த ரொட்டியில் என்று கேள்வி வரும்; ரை ரொட்டியை ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், லேசான புளிப்பும் சீரகத்தின் சாயலில் ஒரு விதையும் இருக்கும். காரம் எதிலும் இருக்காது. மேசையில் டபாஸ்கோ என்ற மிளகாய்ச் சாஸ் இல்லாவிட்டால் கேட்டால் வரும். நறுக்கிய ஹாலபீன்யோ மிளகாயும் தனியாகத் தருவார்கள்.

காலை உணவு நாள் முழுதும் கிடைக்கும். ஞாயிறு பத்திலிருந்து ஒரு மணி வரை வாசலில் வரிசை நிற்கும், பெற்றோருடன் அந்த நேரம் வேண்டாம். வார நாள் மாலையில் போனால் ஸ்பெஷல் தட்டோடு சூப் அல்லது சாலட், இரண்டு துணை உணவு, சில இடங்களில் இனிப்பும் காபியும் சேர்ந்தே வரும். மூன்று பேருக்கு இரண்டு தட்டு போதும். பகிர்ந்தால் தனிக் கட்டணம் என்று மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சத்தைப் பெட்டியில் கட்டித் தரச்சொல்லலாம், இரண்டு மணிநேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கடல் உணவுப் பக்கத்தையும் வீல் என்ற கன்றிறைச்சிப் பக்கத்தையும் கடந்துபோய்விடச் சொல்வோம். குறைவாக விற்பவை உறைபெட்டியில் அதிக நாள் கிடக்கும்.

டிப் பற்றி: வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம். மேசைப் பணியாளருக்கு முதலாளி தரவேண்டிய மத்திய அரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், பல மாநிலங்கள் அதற்கு மேல் வைத்திருந்தாலும் அவர்கள் நம்பியிருப்பது டிப்பைத்தான். நியூயார்க் நகரில் வரியை இரண்டால் பெருக்கும் குறுக்குவழி உண்டு, அங்கே வரி 8.875 சதவீதம் என்பதால் 17.75 வந்துவிடும். நியூஜெர்சியில் அதைச் செய்தால் தவறு. இங்கே வரி 6.625, இரட்டித்தால் 13.25தான் ஆகும். மூன்றால் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 20. சாப்பாடு 60 டாலர் என்றால் வரி 3.98, டிப் 12, மொத்தம் 75.98. பெரிய குழுவாகப் போனால் பில்லிலேயே டிப் சேர்த்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பழைய டைனர்கள் பலவற்றில் பில்லை எடுத்துக்கொண்டுபோய் வாசலருகே கல்லாவில் கட்டவேண்டும். டிப்பை ரொக்கமாக மேசையில் வைத்துவிட்டு எழுந்திருங்கள். காபி மட்டும் குடித்து ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தால் சதவீதக் கணக்கு பார்க்காமல் சில டாலர் வையுங்கள், அந்த இடத்தில் இன்னொரு குடும்பம் சாப்பிட்டிருக்கும்.

இனிப்புக்கு ரைஸ் புட்டிங் வாங்குங்கள்: அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, ஆறவைத்து, மேலே பட்டைத்தூள் தூவியது. கெட்டியாகி ஜில்லென்று இருக்கும் பால் பாயசம் என்று சொன்னால் அம்மாவுக்குப் புரிந்துவிடும். காபிதான் அவர்களை ஏமாற்றும். திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள், ஆனால் நீர்த்திருக்கும், குளிர்ந்த பாலேடு கலந்து குடிக்கவேண்டும். சூடான பால் தனியாகத் தரமுடியுமா என்று கேளுங்கள். கிரேக்கக் காபி போடும் கடையாக இருந்தால் ‘மெத்ரியோ’ என்று சொல்லி வாங்குங்கள், அளவான சர்க்கரை என்று பொருள். சர்க்கரையைக் காய்ச்சும்போதே சேர்ப்பதால் பிறகு சொல்லிப் பயனில்லை. வந்ததும் கலக்கவேண்டாம், இரண்டு மூன்று நிமிடம் விட்டால் பொடி அடியில் படியும். கடைசி இரண்டு வாய் மண்டி, அதைக் கோப்பையிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.