பி.டி. டீச்சர் பதில்கள்: அண்ணன் ஷூ உனக்கு வேண்டாம்

கடற்கரை ஊர்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஷூ பற்றியவை. பெண்கள் இதைக் கேட்கத் தொடங்கியிருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

போலீஸ் செலக்‌ஷனுக்காக ஓடிப் பழகுகிறேன். அண்ணனின் ரன்னிங் ஷூவில் முன்பக்கம் துணி அடைத்துப் போட்டுக்கொள்கிறேன். சாயங்காலம் அதே ஷூவோடு கபடி. கணுக்கால் அடிக்கடி பிசகுகிறது. ஒரு ஜோடிதான் வாங்கித் தர முடியும் என்கிறார் அப்பா. எதை வாங்கட்டும்?
– கல்லூரி மாணவி, மண்டபம்

மகளே, முதலில் அந்தத் துணியை எடுத்து வெளியே போடு. ஷூவை அண்ணனிடமே கொடுத்துவிடு. நீளத்தைத் துணி வைத்துச் சரிக்கட்டலாம், அகலத்தை என்ன செய்வாய்? பெண்களின் பாதம் பொதுவாக முன்னால் விரிந்து, குதிகாலில் ஒடுங்கியிருக்கும். ஆண்களுக்கென்று செய்த ஷூவில் குதிகால் பக்கம் இடம் கூடுதல். ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மேலும் கீழும் வழுக்கி, உரசி, கொப்புளம் வைக்கும். லேஸை எவ்வளவு இறுக்கினாலும் தீராது. பள்ளியில் என்னிடம் ஓட வந்த பெண்பிள்ளைகளில் பலர் வீட்டு ஆண்களின் பழைய ஷூவில்தான் வந்தார்கள். நன்றாக ஓடக்கூடிய பிள்ளை குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது.

கணுக்கால் பிசகுவது வேறு கதை. ரன்னிங் ஷூ நேராக முன்னால் போவதற்காகச் செய்தது. குதிகாலுக்கு அடியில் நுரை கனமாக இருக்கும்; பல ஷூக்களில் முன்பாதத்தைவிடக் குதிகால் 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்து நிற்கும். ஓடும்போது தரையின் அடியை அது வாங்கிக்கொள்ளும். கபடியில் நீ நேராகவா போகிறாய்? பக்கவாட்டில் பாய்கிறாய், சட்டென்று திரும்புகிறாய், கோட்டைத் தொட உடம்பையே சாய்க்கிறாய். அந்த உயரத்தில் நின்று பக்கவாட்டில் அழுத்தினால் நுரை ஒரு பக்கமாக அமுங்கும், காலும் கூடவே மடங்கும்.

ஒரு ஜோடிதான் என்றால் ரன்னிங் ஷூவே வாங்கு. கபடியை ஊர் மண்ணில் வெறுங்காலோடு ஆடு. ஆடும் முன் இடத்தைக் கூட்டி முள் பொறுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். மேட் மேல் ஆடும் போட்டிக்குப் போகிறபோது அடி தட்டையான, மெல்லிய ரப்பர் சோல் வைத்த கபடி ஷூ பார்த்துக்கொள்ளலாம்.

காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடிக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதற்கு விலை கூடிய ஷூ தேவையே இல்லை. கார்பன் தகடு வைத்த மாரத்தான் ஷூ பக்கம் போகாதே, அந்தப் பணத்துக்கு வீட்டில் முட்டையும் கடலையும் வாங்கச் சொல்.

கடைக்குச் சாயங்காலம் போ. பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், சரியான அளவு அப்போதுதான் தெரியும். ஓடும்போது போடுகிற சாக்ஸையே கொண்டு போ. இரண்டு காலிலும் மாட்டி எழுந்து நின்றால், நீளமான விரலுக்கு முன்னால் உன் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். கையில் எடுத்து மடக்கிப் பார். விரல்கள் மடங்கும் இடத்தில் ஷூவும் மடங்கினால் சரி, நட்டநடுவில் மடங்கினால் திரும்ப வைத்துவிடு. அப்புறம் நம் சீமைக்கென்று ஒரு சோதனை இருக்கிறது: ஷூவைக் கவிழ்த்துப் பார். எடையைக் குறைக்க ரப்பரை அங்கங்கே மட்டும் ஒட்டி, மற்ற இடத்தில் நுரையைத் திறந்தே விட்டிருப்பார்கள். சீமைக்கருவேலம் இல்லாத ரோட்டோரம் ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? கருவ முள் அந்த நுரையில் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கிவிடும். அடி முழுக்க ரப்பர் உள்ளதாகக் கேட்டு வாங்கு. செலக்‌ஷனுக்கு மூன்று வாரம் முன்பே போட்டுப் பழகிவிடு.

இரண்டாவது குழந்தைக்குப் பிறகு என் 5 சைஸ் ஷூ கடிக்கிறது. உடம்பு இளைத்தும் கால் இளைக்கவில்லை. ஜிம்மில் எடை தூக்குகிறேன், ஜும்பா நடனப் பயிற்சியும் உண்டு. எந்த ஷூ சரி?
– வாசகி, உச்சிப்புளி

கால் இளைக்காது தங்கச்சி. கர்ப்ப காலத்தில் மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன, எடையும் கூடுகிறது. உள்ளங்கால் வளைவு கொஞ்சம் தாழ்ந்து பாதம் நீளுகிறது. பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதனால் 5 என்ற நம்பரை மறந்துவிடுங்கள். குதிகால் சுவரில் ஒட்ட, ஒரு காகிதத்தின் மேல் நின்று இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு வாங்குங்கள். ஒரு கம்பெனியின் 5 இன்னொரு கம்பெனியின் 5 இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எடை தூக்குவதற்குத் தட்டையான, கெட்டியான அடி வேண்டும். மெத்தென்ற நுரைமேல் நின்று ஸ்குவாட் செய்தால் பாதம் ஆடும், முட்டி உள்பக்கம் சாயும். ஜும்பாவுக்குப் பக்கவாட்டில் பிடிப்பு வேண்டும். ஆனால் தரையைக் கவ்வுகிற ஆழமான வெட்டு உள்ள சோல் கூடாது. நீங்கள் சுழலும்போது ஷூ தரையில் ஒட்டி நின்றால் அந்தத் திருகல் முட்டிக்குப் போகும். டிரெயினிங் ஷூ என்று கேளுங்கள், இரண்டுக்கும் அதுவே போதும்.

வயது 54, சர்க்கரை உண்டு. டாக்டர் நடக்கச் சொன்னார். கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடப்பது நல்லது என்கிறார்கள். சேலைக்கு ஷூ போட்டால் சிரிப்பார்களே?
– வாசகி, தங்கச்சிமடம்

ஷூ போடுங்கள் அம்மா, தயங்கவே வேண்டாம். பாம்பன் பக்கம் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள்கூடக் காலுக்கு ஒரு ரப்பர் செருப்பாவது மாட்டிக்கொள்கிறார்கள். பாறையும் சிப்பியும் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வெறுங்கால் நடை உங்களுக்கு வேண்டவே வேண்டாம். சர்க்கரை பல வருடம் இருந்தால் பாதத்தின் நரம்புகள் உணர்ச்சியை இழக்கலாம். சிப்பி கீறினாலும் மீன் முள் குத்தினாலும் தெரியாது. காயமும் லேசில் ஆறாது, சின்னக் கீறலே பெரிய புண்ணாகலாம். விரல் பக்கம் தாராளமாக, உள்ளே தையல் மேடு இல்லாத வாக்கிங் ஷூ பாருங்கள். போடும் முன் ஒவ்வொரு தடவையும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, மணல், சிப்பித் துண்டு இருந்தால் தட்டிவிடுங்கள். சாக்ஸ் வெள்ளையாக இருக்கட்டும், ரத்தம் பட்டால் உடனே கண்ணில் படும். நடந்து வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மணல் கடலைப் பார்த்துச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே மிதிக்கும். சமதளமான ரோடே மேல். பாதம் ஏற்கெனவே மரத்துப்போயிருந்தால் கடைக்குப் போகும் முன் டாக்டரிடம் காட்டுங்கள். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புதான் வேண்டும் என்று அவர் சொன்னால் அதையே கேளுங்கள்.

கடற்கரையில் ஓடிவிட்டு வந்தால் ஷூ நாறுகிறது. வாஷிங் மெஷினில் போடலாமா?
– வாசகி, கீழக்கரை

வேண்டாம், ஒட்டு விட்டுப்போகும். மணலை நன்றாகத் தட்டிவிட்டு, லேஸையும் உள்தகட்டையும் கழற்றி, நல்ல தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து உப்பு போகும்வரை அலசுங்கள். உள்ளே செய்தித்தாளைத் திணித்துக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள், தாள் நனைந்ததும் மாற்றுங்கள். நம் ஊர் வெயிலில் மட்டும் காயப்போட வேண்டாம்.