ரசிகர் சினமும் பத்திரிகை விமர்சனமும்

கேள்வி: மக்கெய்சர் விளையாட்டரங்கில் எங்கள் கல்லூரி அணி தோற்றது ஓஃப்சைட் கோலால்தான், பத்திரிகையோ எங்கள் பின்கள வீரரைச் சாடுகிறது. இது நியாயமா?
– பழைய மாணவர், திருகோணமலை.

பதில்: நீங்கள் அனுப்பிய செய்தி நறுக்கை முழுமையாகப் படித்தேன். உதைபந்தாட்ட விதி 11இன்படி, சக வீரர் பந்தை உதைக்கும் கணத்தில், எதிரணிப் பாதியில் பந்தையும் எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது வீரரையும் தாண்டி நிற்பதே ஓஃப்சைட் நிலை. உங்கள் இடப்பக்கப் பின்கள வீரர் மற்றவர்களோடு முன்னேறாமல் கோல்காப்பாளரின் அருகிலேயே நின்றுவிட்டார் என்று செய்தியாளர் எழுதியிருப்பது உண்மையானால், கடைசியிலிருந்து இரண்டாவது வீரர் அவரே; கோல் அடித்தவர் அவரைத் தாண்டி நிற்காதவரை அந்தக் கோல் செல்லும். அதைச் சுட்டிக்காட்டுவது அவரது கடமை. ஆனால், ஒரு மாணவனைப் பெயர் சொல்லிப் "பொறுப்பற்றவன்" என எழுதியது எனக்கும் மனவருத்தமே. பாடசாலைப் பிள்ளையைத் தொழில்முறை வீரரைப்போல் எடைபோடுவது தகாது. அதைக் கண்டித்துப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதுங்கள். செய்தியாளரின் குடும்பத்தாரை வசைபாடுவதை உங்கள் நண்பர்கள் இன்றே நிறுத்த வேண்டும்.